தகப்பனாரிடம் மறைத்தது

(பாலசமுத்திரத்தில் ஒரு குடும்பத்தார் நடத்திய நினைவு ஜெபக்கூட்டத்தில், எங்கள் மருத்துவமனையின் வீட்டுப் பராமரிப்புக் குழு சார்பில் பேசியது. குடும்பத்தாரின் சம்மதத்தோடும், அவர்கள் விருப்பப்படி பெயர்களை விட்டுவிட்டும், ஜெபத்தாலும் காணிக்கையாலும் இந்த ஊழியத்தைத் தாங்கிவரும் உங்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)





இந்த வீட்டுக்கு நாங்கள் பதினான்கு மாதம் வந்துபோயிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஜீப் முக்கில் திரும்பினால் தெருநாய்கூட இப்போது குரைப்பதில்லை. அவ்வளவு பழகிவிட்டது. வழக்கமாக நாங்கள் உள்ளே நுழைந்ததும் அம்மா சுக்குக்காப்பி வைப்பார். இன்றும் வைத்தார். உள்ளே இருந்த கட்டிலை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

நம் சகோதரரை உங்களில் அநேகருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதினார். விடிவதற்கு முன் முதல் பஸ்ஸைப் பிடிப்பார். மத்தியானம் திரும்பும்போது பையில் அன்றைக்கு விலை போகாத காய் இருக்கும். அதில் பாதி பக்கத்து வீடுகளுக்குப் போகும். மாமியார் படுத்த படுக்கையாக இருந்த மூன்று வருஷமும், மனைவி வயலுக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்தத் தாயாரைத் துடைத்துச் சேலை மாற்றிவிட்டவர் மருமகனாகிய இவர்தான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாதான் எங்களிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாய் விரிப்பதும், ஆராதனை முடிந்தபின் சுருட்டி வைப்பதும் அவர் வேலை.

இன்னும் சொல்லலாம். ஆனால் போன வாரம் இந்தக் கூட்டத்துக்கு அழைத்தபோது அம்மா எங்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். "அவரைப் புகழ்ந்து பேசாதீங்க, அவருக்கே பிடிக்காது. நடந்ததைச் சொல்லுங்க. வேற வீடுகளுக்காவது உதவட்டும்" என்றார். நடந்ததில் எங்கள் தவறும் இருக்கிறது. ஆகவே இதைப் பேசுவது எங்களுக்கு லேசாக இல்லை.

அதற்கு முன்னால் வேறொரு தகப்பனாரைப் பற்றிச் சொல்ல அனுமதி கொடுங்கள். இந்த முற்றத்தில் நின்று தெற்கே பார்த்தால் தெரிகிறதே, இந்த மலையின் மேல்தான் அவர் மரித்தார். பழனியிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறினால் அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் கோடைக்கானல். அங்கே 1900-ஆம் ஆண்டில், புற்றுநோயால் மரித்தார் டாக்டர் ஜான் ஸ்கடர். வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடரின் பெயர் நம்மில் எல்லாருக்கும் தெரியும். இவர் ஐடாவின் தகப்பனார்.

ஸ்கடர் குடும்பம் பெரிய குடும்பம். இவருக்கும் தகப்பனார் பெயர் ஜான் ஸ்கடர்தான். அந்த மூத்தவர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, இலங்கையில் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்து, பிறகு சென்னைக்கு வந்தவர். அவருடைய குமாரர்களில் ஏழுபேர் ஆற்காடு மிஷனில் ஊழியம் செய்தார்கள். அந்த ஏழுபேரில் இளையவர் நாம் நினைவுகூரும் ஜான். 1835-இல் பிறந்தவர். இறையியலும் மருத்துவமும் படித்து, 1861-இல் சோபியா வெல்டு என்ற பெண்ணை மணந்து, அந்த வருஷமே இந்தியாவுக்கு வந்துவிட்டார். அந்த அம்மையார் உடம்பு பலவீனமானவர், இந்த நாட்டு வெயிலைத் தாங்கமாட்டார் என்று அப்போது சொன்னார்களாம். (அந்த அம்மையார் எவ்வளவு காலம் இருந்தார் என்பதைப் பிறகு சொல்கிறோம்.) 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தாக்கியபோது இந்தக் குடும்பம் வடஆற்காட்டுப் பகுதியில் கஞ்சித்தொட்டி வேலையில் இருந்தது. பட்டினியால் எழுந்திருக்கவும் பலமில்லாத குழந்தைகளுக்கு ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டியது, சிறுமியாக இருந்த ஐடாவுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

ஐந்து பையன்கள், ஒரு பெண். அந்த ஒரு பெண்ணை அமெரிக்காவில், சிகாகோவில், உறவினர் வீட்டில் படிக்க விட்டுவிட்டுத் தகப்பனார் முதலில் இந்தியாவுக்குத் திரும்பினார். பிறகு தாயாரும் போனார். தாயார் புறப்பட்ட இரவில் அந்தப் பெண் அழுத அழுகையை ஐடாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லாமல் விட்டதில்லை. நான் மிஷனெரியாக மாட்டேன், இந்தியாவுக்குப் போகமாட்டேன் என்று அந்தப் பெண் வைராக்கியமாக இருந்ததற்கு அந்த அழுகையும் ஒரு காரணம்.

குடும்பத்தை நேசித்தவர், பக்தியுள்ளவர் என்று அடக்க ஆராதனைகளில் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளுக்கு அதில் சொல்லாத கணக்கு ஏதாவது இருக்கும். ஸ்கடர் தகப்பனார் ஊழியத்துக்காகத்தான் மகளை விட்டுவிட்டுப் போனார். ஆனாலும் மகள் அழுதது அழுததுதான். இதை மறைத்து அவரை நினைவுகூர்ந்தால் அது அவருக்கும் மரியாதை இல்லை.

1890-இல் தாயாருக்குச் சுகமில்லை என்று தந்தி போகிறது. பத்தொன்பது வயது ஐடா திண்டிவனத்துக்கு வருகிறார், கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்தோடு. அங்கேதான் நீங்கள் கேள்விப்பட்ட அந்த இரவு. பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவிசெய்ய வேண்டும் என்று மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டுகிறார்கள். நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்கிறார் ஐடா. அந்நிய ஆண் எங்கள் பெண்களைத் தொடுவதா என்று மூவரும் திரும்பிவிடுகிறார்கள். மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். பிரசங்கங்களில் இந்தக் கதை ஐடாவின் அழைப்பாகவே சொல்லப்படுகிறது. அந்த இரவில் அதே வீட்டில், படித்த படிப்பையும் மருந்துப் பையையும் வைத்துக்கொண்டு, போக விடாமல் உட்காரவைக்கப்பட்ட ஒரு மருத்துவரும் இருந்தார். மகள் அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்றபோது, அந்த வீட்டில் அதை அவரைவிட நன்றாக விளங்கிக்கொண்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

1899-இல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, மருத்துவமனை கட்ட ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரோடு, 1900 பிறக்கும்போது ஐடா வேலூர் வந்துசேர்ந்தார். புதிதாகப் படித்த டாக்டர். நோயாளிகளைத் தனியாகப் பார்த்துப் பழக்கமில்லை. நாற்பது வருஷ அனுபவமுள்ள தகப்பனாரின் கீழ் நின்று தொழில் பழகிக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். சிகாகோவில் பிரிந்த பிறகு இருவரும் சேர்ந்து வேலைசெய்ய நாள் வந்திருக்கிறது. அப்போது அவருக்குப் புற்றுநோய்.

அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு என்ன இருந்தது? எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-இல். ரேடியத்தைக் கண்டுபிடித்தது 1898-இல். இரண்டும் இன்னும் வேலூர் வரைக்கும் நோயாளியின் கட்டிலுக்கு வந்துசேரவில்லை. கத்தி ஒன்று, வலிக்கு அபினிலிருந்து எடுத்த மார்பின், அதற்குமேல் மலைக்காற்று. வெயில் காலத்தில் நோயாளியை மலைக்குக் கொண்டுபோவது மிஷன் குடும்பங்களின் வழக்கம். மதுரை அமெரிக்க மிஷனார் 1845-இலேயே கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதே, கீழ்நாட்டுக் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் குடும்பங்களைப் பறிகொடுத்தபடியால்தான். 1900-இல் மேலே மோட்டார் ரோடு கிடையாது. அம்மையநாயக்கனூரில் ரயிலைவிட்டு இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரம் வரை வந்து, அங்கிருந்து ஒற்றையடி மலைப்பாதை. நடக்க முடியாதவர்களைக் கூலியாட்கள் டோலியில் சுமந்துகொண்டு ஏறுவார்கள்.

ஐடா ஊருக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கோடைக்கானலில் தகப்பனார் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். வயது 64.

1819 முதல் ஊழியம் செய்துவந்த குடும்பம் அது. அவர்கள் ஜெபிக்காத ஜெபமா? இதைச் சொல்லக் காரணம் உண்டு. நோயாளி வீட்டுக்கு வந்து, "விசுவாசம் மட்டும் இருந்தால் எழும்பிவிடுவார்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர் எழும்பாமல் போகும்போது, வியாதியோடு குற்றவாளிப் பட்டமும் சேர்ந்து அந்த வீட்டில் தங்கிவிடுகிறது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

ஸ்கடர் வீட்டுக் காரியத்தில் எங்கள் குழு பலநாள் பேசிக்கொண்டது ஒன்று உண்டு. அந்த வீட்டில் நோயின் பெயரை யாரும் யாரிடமும் மறைத்திருக்க முடியாது. படுத்திருந்தவர் டாக்டர். பக்கத்தில் இருந்த மகள் டாக்டர். மனைவி நாற்பது வருஷம் டாக்டர் வீட்டில் குடும்பம் நடத்தியவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாலே போதும். அந்தச் சில மாதங்களும் அவர் கடைசிவரை அந்த வீட்டுக்குத் தகப்பனாராக, மகளுக்கு மூத்த மருத்துவராக இருக்க இடமிருந்தது.

இந்த வீட்டில் நம் சகோதரருக்கு அந்த இடத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

பதினான்கு மாதத்துக்கு முன் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அம்மாவும் மைத்துனரும் உள்ளே போய்க் கேட்டுவந்தார்கள். அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள், அவரிடம் சொல்லக்கூடாது என்று. தொண்டையில் புண் என்று சொன்னார்கள். நாங்கள் முதல் செவ்வாய்க்கிழமை வந்தபோது அம்மா வாசலிலேயே எங்களை நிறுத்திக் கைகூப்பினார்: "அவருக்குத் தெரியாது சார், நீங்களும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா அன்னிக்கே சாப்பாட்டை நிறுத்திருவாரு." நாங்களும் தலையாட்டினோம். பத்து மாதம், புண் ஆறிவருகிறது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னோம். விவரம் சொல்ல வேண்டியிருந்தால் வேப்பமரத்தடிக்குப் போய் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னோம். இந்த வேப்பமரம்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைபார்க்கும் மூத்த மகனுக்கும் முழுதாகச் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தார், மூன்றுநாள் இருந்தார், ஓவர்டைம் பற்றிப் பேசினார், போனார். அப்போது தகப்பனாருக்குக் குரல் கரகரப்பாக இருந்தாலும் பேச முடிந்தது.

பத்தாம் மாதம் மூச்சு முட்டியது. கழுத்தில் துளைபோட்டுக் குழாய் வைக்கவேண்டியதாயிற்று. குரல் போய்விட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை நாங்கள் குழாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, தலையணைக்கு அடியிலிருந்து மண்டிக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, அவருடைய அந்த அழகான கையெழுத்தில் எழுதிக் காட்டினார். எனக்கு என்ன வியாதி என்று இரண்டாம் மாதமே தெரியும். புண்ணுக்கு யாரும் கரண்ட் வைப்பதில்லை. அவளுக்குத் தெரியக்கூடாது என்றுதான் பேசாமலிருந்தேன்.

எங்கள் நர்ஸ் அதைச் சத்தமாக வாசித்தார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். அன்றைக்கு இந்த வீட்டில் நடந்ததை நாங்கள் சொல்லப்போவதில்லை, அது அவர்களுடையது. நாங்கள் குழாயைச் சுத்தம் செய்துமுடிக்க வழக்கத்தைவிட ரொம்ப நேரமானது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தார். நோட்டு முழுக்க எழுதினார். யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், பாங்கில் எந்த நகை எதற்காக அடகில் இருக்கிறது, தென்னைமரக் குத்தகை எந்த மாதம் முடிகிறது. நடு மகளுக்கு ஆறு பக்கம். பேரக்குழந்தைக்குப் படம் போட்டுத் தராசு எப்படிப் பிடிப்பது என்று எழுதியிருந்தார். மருந்துக் கணக்கில் நாங்கள் ஒரு வாரம் தவறுதலாக இரண்டு மாத்திரை கூட எழுதியிருந்ததைக் கண்டுபிடித்து, சிவப்பு மையில் சுழித்து, எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்த நாலு மாதத்தில் அவர் மறுபடியும் கணக்குப்பிள்ளையாக, இந்த வீட்டுப் பெரியவராக இருந்தார்.

மூத்த மகன் வேலையை விட்டுவிட்டு வந்து கடைசி ஒரு மாதம் கூடவே இருந்தார். எழுதிக் காட்டினார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் அவர் எங்களிடம் கேட்டார்: "பேச முடிஞ்சப்போ ஏன் சார் எனக்குச் சொல்லல?" எங்களிடம் பதில் இல்லை. தம்பி, இன்றைக்கும் இல்லை. குடும்பம் கேட்டுக்கொண்டது என்று சொல்லித் தப்பிக்கலாம். பத்து மாதத்தில் ஒருநாளாவது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்னவென்று நினைக்கிறீர்கள், அண்ணே?" என்று அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இதை வைத்து நாளைக்கே எல்லாரும் நோயாளியிடம் போய்ப் போட்டு உடைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம், அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது. முதலில் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்கவேண்டும். இன்னும் தெரிந்துகொள்ள ஆசையா என்று கேட்கவேண்டும். அவர் வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும். வேண்டும் என்றால், அவசரப்படாமல், பொய் கலக்காமல், ஒருநாளில் எவ்வளவு தாங்குவாரோ அவ்வளவு. சொன்னபிறகு எழுந்து போய்விடக்கூடாது. இப்போது எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதை முதலில் கற்றுக்கொடுக்கிறோம்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தத் தெருவிலேயே பலர் பயந்தார்கள். மார்பின் மாத்திரை கொடுத்தால் பழக்கமாகிவிடும், சீக்கிரம் கொன்றுவிடும் என்று. புற்றுநோய் வலிக்கு அளவறிந்து, நேரம் தவறாமல் கொடுத்தால் அப்படி ஆவதில்லை. 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதில் முன்பிருந்த சிக்கல் குறைந்திருக்கிறது. மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் முதல்நாளே சேர்த்துக் கொடுக்கவேண்டும். வலி அடங்கிய இரவுகளில்தான் நம் சகோதரர் நோட்டில் எழுதினார். படுக்கைப் புண்ணும் வரவில்லை. இரண்டு மணிக்கு ஒருதரம் அலாரம் வைத்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்த பெருமை அம்மாவுக்கும் சின்னவருக்கும் உரியது. இந்த வீட்டில் பதினான்கு மாதமாக ராத்திரி முழுசாகத் தூங்கியவர் யாரும் இல்லை. உறவுக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள், சந்தோஷம். ஒருநாள் ராத்திரி வந்து உட்கார்ந்து, வீட்டுக்காரர்களைத் தூங்கச் சொல்லுங்கள். ஆயக்குடிக் கொய்யாவைவிட அது பெரிய உதவி.

சோபியா அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன் என்றோமே. கணவரைக் கோடைக்கானலில் இழந்தபின் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்விடவில்லை. மகளோடு வேலூரில் தங்கி வீட்டைக் கவனித்துக்கொண்டார். தகப்பனார் இல்லாத அந்த வருஷத்தில் மகள் வீட்டின் ஒரு சிறு அறையில், கற்றுக்கொடுக்க மூத்த டாக்டர் இல்லாமலே, வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1902-இல் ஷெல் மருத்துவமனை திறந்தது. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அந்தத் தாயார் இவை எல்லாவற்றையும் பார்த்து, 1925 வரை உயிரோடிருந்தார். வெயில் தாங்கமாட்டார் என்று சொல்லப்பட்டவர்! ஐடா அம்மையார் 1960-இல், 89 வயதில், தகப்பனாரைப் பறிகொடுத்த அதே கோடைக்கானலில் மரித்தார்.

நாங்கள் புறப்படவேண்டும், பழனியில் இன்னும் இரண்டு வீடு பாக்கியிருக்கிறது. இந்த வீட்டில் ஒரு வாட்டர் பெட் இருந்தது. அது உங்களைப் போன்றவர்களின் காணிக்கையில் வாங்கியது. இன்று காலை அதை அம்மா டெட்டால் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, மடித்து எங்கள் ஜீப்பில் ஏற்றிவிட்டார். அதோடு நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளும் கொடுத்தார். சகோதரர் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்: வாட்டர் பெட் ஒன்று, ஆஸ்பத்திரியுடையது, திருப்பிக் கொடுக்கவும். கீழே தேதிக்கு இடம் விட்டிருந்தது. அம்மா இன்றைய தேதியை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடிவாரத்துப் பக்கம் ஒரு வீட்டில் அந்தப் படுக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். அங்கேயும் முதல்நாளே வாசலில் நிறுத்தி, அவருக்குத் தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நாளைக் காலை போகிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்.